குரோவில் முத்திரை குத்தியவர்

சிவநேசனுக்குப் பெயர்கள் மனதில் நிற்பதில்லை. முகங்கள் நிற்கும். ஈப்போவில் ஏதாவது கல்யாண மண்டபத்துக்குப் போனால், சாப்பாட்டு வரிசையில் நிற்கும் யாரையாவது உற்றுப் பார்த்துவிட்டு, "நீங்க முன்னாடி ஒரு நீல டாட்சன்ல குரோ பக்கமா வந்தீங்க இல்லையா?" என்று கேட்டுவிடுவார். அந்த ஆள் தட்டும் கையுமாகத் திகைத்து நிற்பார். மனைவி விமலாதேவி சட்டைக் கையைப் பிடித்து இழுப்பார். பாதி நேரம் அவர் சொன்னது சரியாக இருக்கும். மீதி நேரம் அந்த ஆள் குரோவைக் கனவில்கூடக் கண்டிருக்க மாட்டார்.

குரோ பேராக்கின் வடக்கு முனையில், தாய்லாந்து எல்லையை ஒட்டி இருக்கும் சின்ன ஊர். இப்போது பெங்காலான் ஹுலு என்று பெயர் மாறிவிட்டது. ஆனால் அங்கே வேலை பார்த்தவர்களுக்கு அது என்றைக்கும் குரோதான். அங்கே எல்லைச் சாவடியில் குடிநுழைவு அதிகாரியாகச் சிவநேசன் தம் வாழ்க்கையின் நல்ல பகுதியைக் கழித்தார். விடியற்காலையில் மலையிலிருந்து பனி இறங்கிச் சாலையை மூடியிருக்கும். கதவு திறக்கும் முன்பே ரப்பர் வியாபாரிகளும், எல்லைக்கு அந்தப் பக்கம் பெத்தோங்கிலிருந்து காய்கறி கொண்டுவரும் சயாம் பெண்களும், அக்கரையில் உறவு வைத்திருக்கிற மலாய்க் குடும்பங்களும் வரிசையில் நின்றிருப்பார்கள். கையில் எல்லைப் பாஸ். சிவநேசன் வாங்கிப் படத்தைப் பார்ப்பார், ஆளைப் பார்ப்பார், சாப்பு என்கிற முத்திரை டக்கென்று விழும். அந்த ஓசை மேசையிலிருந்து எழுந்து தகரக் கூரையில் பட்டுத் திரும்பி வருமாம். ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு அதிகம் நினைவு வந்தது அந்த ஓசைதான்.

ஒரு நாள் காய்கறிக்காரி ஒருத்தி முகமெல்லாம் வீங்கி வந்து நின்றாள். குளவி கொட்டியிருந்தது. பாஸில் இருந்த படத்துக்கும் அந்த முகத்துக்கும் சம்பந்தமே இல்லை. புதிதாக வந்திருந்த அதிகாரி அவளைத் திருப்பி அனுப்பப் பார்த்தார். சிவநேசன் எழுந்து வந்து பார்த்தார். கூடையை இடுப்பின் இடது பக்கம் இடுக்கிக்கொண்டு ஒரு காலில் பாரம் போட்டு நிற்கிற நிலையை வைத்தே, அவள்தான் என்று சொல்லி உள்ளே விட்டார். மறுவாரம் வீக்கம் வடிந்து வந்தவள் அவர் மேசையில் ஒரு கட்டு கீரையை வைத்துவிட்டுப் போனாள்.

இப்படி ஆயிரக்கணக்கானவர்களை அனுப்பி வைத்தவர், தாம் எங்கேயும் போனதில்லை. சனிக்கிழமை மாலை பாஸைக் காட்டிப் பெத்தோங்குக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவதோடு சரி. எண்பத்து மூன்றாம் வருஷம் அப்பா விஸ்வலிங்கத்தை யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிக்கொண்டு போவதற்காக முதல்முறையாகக் கடப்பிதழ் என்கிற பாஸ்போர்ட் எடுத்தார். அப்பா பிறந்த வீட்டைப் பார்க்கவேண்டுமென்று ஆசைப்பட்டிருந்தார். அந்த ஜூலையில் இலங்கையில் கலவரம் வெடித்தது. பயணம் நின்றது. அப்பா ஊரைப் பார்க்காமலே கண்ணை மூடினார். அந்தக் கடப்பிதழ் ஒரு சாப்புகூட விழாமல் காலாவதியானது. அதற்குப் பிறகு சிவநேசன் புதிது எடுக்கவில்லை.

பல வருஷம் கழித்து அவரை மறுபடி கடப்பிதழ் எடுக்க வைத்தது சவரிநாதன்.

சவரிநாதனும் அவரும் ஒரே தோட்டத்தில் பிறந்தவர்கள். செமோருக்கு உள்ளே தள்ளியிருந்த ரப்பர் தோட்டம் அது. இப்போது அங்கே மரமும் இல்லை, தொழிலாளர்கள் குடியிருந்த லயமும் இல்லை. அடுக்கடுக்காக இரட்டை மாடி வீடுகளும் ஒரு பெட்ரோல் நிலையமும் இருக்கின்றன. விஸ்வலிங்கம் அங்கே பெரிய கிராணி, தோட்ட அலுவலகத்தின் தலைமை எழுத்தர். சவரியின் அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டிப் பாலெடுத்தார்கள். கிராணி வீட்டுக்கு வேலி உண்டு, லயத்துக்குக் கிடையாது. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியிலும் பந்து விளையாடும் திடலிலும் அந்த வேலி இருக்கவில்லை. பிறகு சிவநேசனை ஈப்போவில் ஆங்கிலப் பள்ளியில் சேர்த்தார்கள். சவரி மூன்றாம் பாரத்தோடு நின்று, ரப்பர் பாலை உறைய வைக்கிற ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்தார்.

பதினேழு வயதில் அந்த ஸ்டோரில்தான் விபத்து நடந்தது. பாலில் கலக்கிற திராவக ஜாடி ஒன்று அலமாரியிலிருந்து சரிந்தது. கீழே விழட்டும் என்று விட்டிருக்கலாம். பழக்க தோஷத்தில் சவரி இரண்டு கையாலும் பிடித்துவிட்டார். மூடி கழன்று அத்தனையும் விரல்களில் கொட்டியது. விஸ்வலிங்கம் தம் காரை எடுத்து அவரை ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். விடுமுறையில் வீட்டுக்கு வந்திருந்த சிவநேசன் பின்னிருக்கையில், தம் முழங்கால்களுக்கு நடுவே ஒரு வாளித் தண்ணீரை இடுக்கிக்கொண்டு, அதற்குள் சவரியின் கைகளை அமுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு வளைவிலும் தண்ணீர் இருவர் மேலும் தளும்பியது. சவரி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. சிவநேசன்தான் அழுதார்.

காயம் ஆறியது. விரல் நுனிகள் மட்டும் வழவழவென்று ஆகிவிட்டன, கோடே இல்லாமல். மகன் இனி ஸ்டோர் பக்கம் காலெடுத்து வைக்கக் கூடாது என்று சவரியின் அம்மா ஒற்றைக் காலில் நின்றார். அதனால் அவர் மறுபடி படித்தார். இரவு வகுப்புக்குப் போய் ஐந்தாம் பாரம் எழுதித் தேறினார். சுங்கத் துறையில் வேலை கிடைத்தது. சில வருஷம் கழித்துக் குரோவுக்கு மாற்றலாகி வந்தபோது, கண்ணாடிக்குப் பின்னால் முத்திரைக் கட்டையோடு உட்கார்ந்திருந்த ஆளைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார். பிறகு, "சார்" என்றார்.

"சவரி, என்னைய எதுக்குடா சார்ங்கிற?"

"கிராணி ஐயா மகன்லா. வாய் தானா வருது."

"இங்க நீ மூட்டைய பாக்குற, நான் மூஞ்சிய பாக்குறேன். ரெண்டு பேருக்கும் ஒரே கவர்மெண்ட்தான். ஒழுங்கா மச்சான்னு கூப்பிடு."

அன்றிலிருந்து மச்சான்தான். குவாட்டர்ஸில் அடுத்தடுத்த வீடு. சவரியின் மனைவி எல்ஸி கிறிஸ்துமஸுக்குச் சுடுகிற முறுக்கில் பாதி விமலாதேவியின் டின்னுக்குள் போய்விடும். தைப்பூசத்துக்குச் சவரி குடும்பத்தோடு வந்து சாம்பார் சாதம் சாப்பிடுவார். சாவடியில் இன்னொரு காரியமும் சவரி செய்தார். உள்ளே விசாரணைக்கு நிறுத்தப்பட்டவர்களின் சொந்தக்காரர்கள் வெளியே வெயிலில் நிற்பதைப் பார்த்துவிட்டு, தம் சுங்கக் கொட்டகையிலிருந்து ஒரு நீள பெஞ்சை இழுத்து வந்து தூங்குமூஞ்சி மரத்தடியில் போட்டார். மேலதிகாரி கேட்டபோது, சாமானைப் பரிசோதிக்க வசதியாக இருக்கும் என்று சொல்லிச் சமாளித்தார். அந்த பெஞ்சில் ஒரு சாமானும் பரிசோதிக்கப்பட்டதில்லை.

இருவரும் ஓய்வு பெற்று ஈப்போவுக்குத் திரும்பினார்கள். சவரி அங்கே சிலிபின் பகுதியில் லூர்து மாதா கோயிலுக்குப் பக்கத்தில் குடியேறினார். அந்தக் கோயிலிலிருந்து பிரான்சில் இருக்கிற லூர்து நகருக்கே ஒரு யாத்திரை ஏற்பாடானது. எல்ஸிக்கு எத்தனையோ வருஷத்து ஆசை. ஆனால் முழங்கால் வலி, அவ்வளவு நேரம் விமானத்தில் மடக்கி உட்கார முடியாது. எனக்குப் பதிலாக நீங்கள் போய் வேண்டிக்கொண்டு வாருங்கள் என்று கணவரிடம் சொன்னார். தனியாகப் போக மாட்டேன் என்று சவரி அடம் பிடித்தார். விமலாதேவிதான் சிவநேசனைத் தள்ளிவிட்டார். "ஊரையெல்லாம் அனுப்பி வச்சீங்க. நீங்களும் ஒருக்கா போயிட்டு வாங்க. மாதா என்ன, சைவம்னு சொன்னா வாசல்ல நிறுத்திடுவாங்களா?"

புதுக் கடப்பிதழ் கைக்கு வந்த அன்று சிவநேசன் அதன் வெற்றுத் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். இதில் முதல் சாப்பு எப்படி விழும், என்ன நிறத்தில் இருக்கும் என்று சவரியிடம் இரண்டு மூன்று தடவை பேசினார். சவரியின் மகள் செரீனாவுக்கு அது காதில் விழுந்தது. பயண ஏற்பாடுகளை எல்லாம் அவள்தான் கணினியில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்கிள், அங்க இப்ப சாப்பு குத்துறதே இல்ல. போன வருஷக் கடைசில ஆரம்பிச்சி, இந்த ஏப்ரல்லேர்ந்து எல்லா வாசல்லயும் மெஷின்தான். மூஞ்சிய படம் எடுப்பாங்க, நாலு விரல் ரேகை எடுப்பாங்க."

"அப்புறம் நாம வந்ததுக்கு என்னா அடையாளம்?"

"கம்ப்யூட்டர்ல இருக்கும் அங்கிள். என்னைக்கு வந்தோம், என்னைக்கு கிளம்பினோம், எல்லாம் அதுவே எண்ணிக்கும்."

மற்றதையும் அவள் விளக்கினாள். மலேசியர்களுக்கு விசா வேண்டாம், ஆறு மாதத்துக்குள் தொண்ணூறு நாள்வரை தங்கலாம். பதிவுக்குக் கட்டணம் கிடையாது, முன்கூட்டியே எதுவும் நிரப்ப வேண்டியதில்லை. முதல் தடவைதான் நேரம் பிடிக்கும். எடுத்த படமும் ரேகையும் மூன்று வருஷம் அங்கே இருக்கும் என்பதால் அதற்குள் மறுபடி போனால் முகத்தை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்து அனுப்பிவிடுவார்கள். எங்கே தங்குகிறோம், எப்போது திரும்புகிறோம் என்று கேட்டால் காட்ட ஹோட்டல் சீட்டும் திரும்பும் டிக்கெட்டும் கைப்பையில் இருக்கவேண்டும், பெட்டியில் போட்டுவிடக் கூடாது. சிவநேசன் தலையாட்டிக்கொண்டே கேட்டார். கேள்விகள் குரோவில் அவரே மற்றவர்களிடம் கேட்டவைதான். பதில் சொல்லும் பக்கம் இப்போது அவர் போகிறார், அவ்வளவுதான். சாப்பு இல்லை என்றது மட்டும் அவருக்கு இறங்கவில்லை.

எல்ஸியின் கவலை வேறு. நாலு விரல் ரேகை என்று கேட்டதிலிருந்து அவர் சவரியின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஈப்போவில் வங்கிக்குப் போனாலே அடையாள அட்டை மெஷின் சவரியின் கட்டைவிரலை ஏற்காது. வலது கைக்குப் பதில் இடது கையைக் கேட்பார்கள் என்று செரீனா தேடிப் படித்துச் சொன்னாள். இரண்டும் முடியாவிட்டால், ரேகையே எடுக்க முடியாதவர்களுக்கு விலக்கு உண்டு என்றும் விதி இருக்கிறதாம். எல்ஸி சமாதானம் ஆகவில்லை. தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு சவரியை உட்கார வைத்து விரல் நுனிகளில் தேங்காய் எண்ணெய் தேய்த்தார். திருப்பி அனுப்பிவிடுவார்களா அண்ணே என்று சிவநேசனிடம் கேட்டார். அதுக்கெல்லாம் ஆளைத் திருப்பி அனுப்ப மாட்டாங்க என்று சிவநேசன் உறுதியாகச் சொன்னார். அவருக்கே அந்த உறுதி இல்லை.

மே மாதத்தில் ஒரு காலை பாரிஸில் இறங்கினார்கள். நடந்து நடந்து ஒரு பெரிய கூடத்துக்கு வந்தால், வரிசை பாம்பாக வளைந்து கிடந்தது. ஓரத்தில் ஆள் உயரத்துக்குக் கம்பம் போன்ற மெஷின்கள். யாத்திரையைக் கூட்டிவந்த பிரமிளா என்ற பெண் எல்லாரையும் பிரித்து ஒவ்வொரு மெஷினுக்கும் அனுப்பினார். சிவநேசன் ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்தார். கடப்பிதழைக் கவிழ்த்து வைக்கச் சொன்னது, வைத்தார். தொப்பியையும் கண்ணாடியையும் கழற்றச் சொன்னது, கழற்றினார். படக்கருவி தானாக மேலும் கீழும் அசைந்து அவர் உயரத்துக்கு வந்து நின்றது. திரையில் தம் முகம் தெரிந்தபோது, இந்த முகத்தைத் தாம் இவ்வளவு அருகில் பார்த்து நாளாயிற்று என்று நினைத்தார். பிறகு வலது கை நான்கு விரல்களைக் கண்ணாடிமேல் வைத்தார். பச்சை வெளிச்சம் வந்தது.

கவுண்டரில் குட்டை முடி வைத்த ஓர் இளம்பெண் இருந்தார். எத்தனை நாள், எங்கே, யாரோடு என்று கேட்டார். சிவநேசன் கேட்டதற்கு மேலேயே பதில் சொன்னார். தாமும் ஓர் எல்லையில் இதே வேலை பார்த்தவர் என்றும் சொன்னார். அந்தப் பெண் முதன்முறையாகத் திரையிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்துச் சிரித்தார். அந்தத் தைரியத்தில், ஒரு சாப்பு குத்தித் தர முடியுமா என்று கேட்டார். இப்போது முத்திரை இல்லை ஐயா, எல்லாம் கணினியில்தான் என்று அவர் மரியாதையாகக் கடப்பிதழைத் திருப்பிக் கொடுத்தார். கதவு திறந்தது. ஐரோப்பாவுக்குள் வந்துவிட்டோம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. காதில் எதுவும் விழவில்லையே.

திரும்பிப் பார்த்தால் சவரி அவருக்குப் பின்னால் இல்லை.

சவரி இன்னும் மெஷினடியில்தான் நின்றுகொண்டிருந்தார். விரலை வைப்பதும், சிவப்பு வருவதும், சட்டையில் துடைத்து மறுபடி வைப்பதுமாக இருந்தார். பிறகு ஊழியர் ஒருவர் அவரை ஒரு கவுண்டருக்கு அழைத்துப் போனார். அங்கேயும் கையை வைக்கச் சொன்னார்கள். வலது, பிறகு இடது. ஈரத் தாளால் துடைத்துவிட்டு மறுபடி வலது. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கத்திலிருந்து சிவநேசனுக்குச் சவரியின் முதுகு மட்டும் தெரிந்தது. அந்த முதுகு கொஞ்சம் கொஞ்சமாகக் குனிவதை அவர் கண்டார். சீருடைக் காவலர் ஒருவர் வந்து, இங்கே நிற்கக் கூடாது, பெட்டி எடுக்கும் இடத்தில் காத்திருங்கள் என்றார். நண்பர் உள்ளே இருக்கிறார் என்று சிவநேசன் சொன்னார். அங்கே போய்க் காத்திருங்கள் என்று அவர் மறுபடியும் சொன்னார், கோபமில்லாமல்.

இதே சொற்களைச் சிவநேசன் மலாயிலும் தமிழிலும் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார். அவர்கள் நகர்ந்து போவதைப் பார்த்ததோடு அவர் வேலை முடிந்துவிடும். மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து அவர்கள் சாவடியையே பார்த்துக்கொண்டிருந்ததைச் சவரி பார்த்திருக்கிறார், சிவநேசன் பார்த்ததில்லை. அவர் நாலடி தள்ளிப் போனார். ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். காவலர் பார்த்தும் பார்க்காதது போல் விட்டுவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு பெரியவர் வந்தார். மேலதிகாரி போலத் தெரிந்தது. அவர் சவரியின் கையைத் தம் கையில் வாங்கி, விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒவ்வொரு விரல் நுனியாகத் தடவிப் பார்த்தார். ஏதோ கேட்டார். சவரி நிமிர்ந்து பதில் சொன்னார். பெரியவர் கவுண்டரில் இருந்த இளம் ஊழியரின் தோளுக்கு மேலாகக் குனிந்து விசைப்பலகையில் எதையோ தட்டச் சொன்னார். சவரியின் முகத்தை மட்டும் மறுபடி படமெடுத்தார்கள். கதவு திறந்தது. வெளியே வந்த சவரி நேராகச் சிவநேசனிடம் வந்து அவர் முழங்கையைப் பற்றிக்கொண்டார். கை சில்லென்று இருந்தது.

"என்னா கேட்டாரு?"

"விபத்தான்னாரு. ரப்பர் ஸ்டோர்ல ஆசிட், பதினேழு வயசுலன்னேன். ரப்பரான்னு ஒருக்கா திருப்பிக் கேட்டாரு. அப்புறம் போங்கன்னுட்டாரு மச்சான்."

பெட்டி எடுக்கும் இடத்தில் மற்றவர்கள் பைகளின் மேல் உட்கார்ந்து காத்திருந்தார்கள். பிரமிளா ஓடிவந்து இருவரையும் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் மூச்சு விட்டார். சவரி முதல் காரியமாக எல்ஸிக்குப் போன் போட்டார். உள்ளே விட்டுட்டாங்க என்று மட்டும் சொன்னார். அந்தப் பக்கம் எல்ஸி அழுவதும், அதன் நடுவிலேயே சாப்பிட்டீங்களா என்று கேட்பதும் சிவநேசனுக்குக் கேட்டது.

லூர்துக்கு ரயிலில் போனார்கள். ஜன்னலுக்கு வெளியே மஞ்சள் பூ பூத்த வயல்கள் ஓடிக்கொண்டிருந்தன. சிவநேசன்தான் பேச்சை ஆரம்பித்தார். தாமும் அந்த மாதிரி ஆட்களை நிற்க வைத்திருக்கிறோம், அப்போது அது இவ்வளவு நேரமென்று தெரியவில்லை என்றார்.

"நிக்க வச்ச, சரிதான்," என்றார் சவரி. "ஆனா நீ ஒவ்வொருத்தன் மூஞ்சியையும் நிமிந்து பாப்ப. என் கொட்டாயிலேர்ந்து பாத்துக்கிட்டு இருப்பேன்லா. அந்த சயாம்காரிங்க உன் வரிசையிலதான் போய் நிப்பாளுங்க. மத்த வரிசை காலியா இருந்தாலும் வர மாட்டாளுங்க."

சிவநேசனுக்கு இது தெரியாது. தம் வரிசை எப்போதும் நீளமாக இருப்பதைத் தம் வேலை மந்தம் என்றே அத்தனை வருஷமும் நினைத்திருந்தார். ஒருமுறை மேலதிகாரிகூட அதைச் சொல்லிக் கடிந்திருக்கிறார். சிவநேசன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். குரோவின் காலைப் பனி, ஈரக் கூடைகளின் மணம், தகரக் கூரையில் சொட்டுகிற தண்ணீர், எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக வந்தன. அந்தச் சாவடி இப்போது இல்லை. பெரிய கட்டடம் எழும்பிவிட்டது. அங்கே வரிசையில் நின்ற பெண்களில் பலர் போய்ச் சேர்ந்திருப்பார்கள். அவர்கள் தம்மைத் தேடி வந்து நின்றார்கள் என்று அன்றே யாராவது சொல்லியிருந்தால் என்ன செய்திருப்போம் என்று யோசித்தார். ஒன்றும் செய்திருக்க மாட்டார். கொஞ்சம் கூச்சப்பட்டிருப்பார், அவ்வளவே.

ஏதோ கேட்கலாம் என்று திரும்பினார். அதற்குள் சவரி தூங்கிப்போயிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது, கைகள் மடியில் மல்லாந்து கிடந்தன. பெட்டியின் அந்தக் கோடியிலிருந்து டிக்கெட் பரிசோதகர் ஒவ்வோர் இருக்கையாக வந்துகொண்டிருந்தார். சிவநேசன் சவரியின் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்த டிக்கெட்டை மெதுவாக உருவினார். தம்முடையதோடு சேர்த்து நீட்டினார். தூங்குகிற நண்பரைக் கண்ணால் காட்டினார். பரிசோதகர் தலையசைத்து, இரண்டையும் சத்தமில்லாமல் பார்த்துக் கொடுத்துவிட்டு அடுத்த இருக்கைக்குப் போனார்.